பதினைந்தாம் தேதி



திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையையொட்டி, ஆர்.கே.பேட்டை இருக்கிறது. இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள். ஆனால் இவ்விரு வட்டாரங்களிலும் வாழ்கின்ற குடும்பங்களுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அந்த வேறுபாடு முழுவதும் விளங்காது. வருமானம் எந்த நாளில் வருகிறது என்று கேட்டால்தான் விளங்கும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நிரந்தரப் பணியில் அமர்ந்த ஒருவருக்குச் சம்பள நாள் என்று ஒன்று உண்டு. சம்பளம் சிறிதாக இருக்கலாம். ஆனால் நாள் தவறுவதில்லை. அந்த நாளை வைத்துக்கொண்டு அவருடைய இல்லத்தரசி வாடகைக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று பகுத்து வைக்கிறாள். இல்லறக் கணக்கு என்பது அந்தத் தேதியிலிருந்துதான் பிறக்கிறது.

ஆர்.கே.பேட்டை வட்டாரமோ தறியையும் நிலத்தையும் நம்பிய வட்டாரம். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று எவ்வூருக்குள் நுழைந்தாலும் விசைத்தறியின் ஓசை செவியில் விழும். ஊருக்கு வெளியே கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் நிலங்கள். தறியிலே கூலிக்கு நெய்பவருக்குச் சம்பளம் என்பது கிடையாது. நெய்த துணிக்குத்தான் கூலி. பாவு வந்தால் வேலை, வராவிட்டால் ஓய்வு. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். துணி தேங்கினாலும் தறி நிற்கும். 2021, 2022ஆம் ஆண்டுகளில் நூல் விலை கடுமையாக ஏறியபோது தமிழகத்தின் நெசவு ஊர்கள் பலவும் இதை உணர்ந்தன. நிலத்துக் கூலியும் அப்படித்தான். நடவுக்கும் அறுவடைக்கும் இடையே நீண்ட வெறுமையான வாரங்கள் உண்டு.

ஆக, இங்கே ஒரு குடும்பத்தை வாட்டுவது வறுமை ஒன்று மட்டுமன்று. அடுத்த பணம் எந்த நாளில் வரும் என்று தெரியாத தவிப்பும் சேர்ந்து வாட்டுகிறது. இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஏழைக் குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன நிகழ்கிறது? வாழ்வு உண்மையிலேயே மாறுகிறதா?

ஒரு வீட்டின் கணக்கு

இவ்வட்டாரத்தில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். கணவர் பிறருடைய விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். மனைவி வீட்டிலிருந்து தார் சுற்றுகிறாள். பருவ காலத்தில் வேர்க்கடலை பறிக்கச் செல்கிறாள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். முதுமையடைந்த மாமியார் ஒருவர். நியாயவிலைக் கடையின் இலவச அரிசி இருப்பதால் அடுப்பில் உலை ஏறாத நாள் இல்லை. 2011ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் அந்த அரிசி விலையின்றி வழங்கப்பட்டதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆனால் அரிசி மட்டும் குடும்பமாகிவிடாது. பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், சோப்பு, பிள்ளையின் நோட்டுப்புத்தகம், மாமியாரின் மருந்து, அவசரத்துக்குப் பேருந்துக் கட்டணம் — இவை யாவற்றுக்கும் காசு வேண்டும்.

தறி ஓடுகின்ற வாரத்தில் காசு இருக்கும். தறி நின்ற வாரத்தில் அவள் என்ன செய்வாள்? முதலில் மளிகைக் கடையில் கடன் சொல்லுவாள். கடன் சொல்லி வாங்குகிறவள் விலை பேசமுடியாது. தரத்தைப் பற்றியும் வாய் திறக்கமுடியாது. அடுத்து, காதிலிருக்கும் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். அதற்கும் அடுத்து, வட்டிக்குக் கொடுப்பவரின் வாசல். ஐந்து வட்டிக்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கினால் மாதந்தோறும் வட்டி மட்டுமே 250 ரூபாய். இருபது மாதங்களில் வட்டியாகவே ஐயாயிரம் போய்விடும். முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஏழைத் தாய் சட்டத்தைத் தேடிச் செல்வதில்லை. உடனே பணம் தருபவரைத் தேடித்தான் செல்கிறாள்.

ஏழையின் வீட்டிலே பெருங்கடன்கள் எல்லாம் பெரிய செலவுகளால் மட்டும் விளைவன அல்ல. ஐந்நூறு, ஆயிரம் என்ற சிறு தொகை உரிய நாளில் கையில் இல்லாமற் போவதாலும் விளைகின்றன. இதை நாம் நன்கு மனத்தில் இருத்தவேண்டும்.

உதவியா, உரிமையா?

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய். அதுவும் அவளுடைய பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மகளிர் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் மேலும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாக இன்னும் பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர்.

பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்கவேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக்கூடாது. நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மேல் இருத்தலாகாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 அலகுகளைத் தாண்டக்கூடாது. இவை 2023இல் வகுக்கப்பட்ட முக்கிய விதிகள்.

அரசியல் பற்றி இப்பகுதியில் நாம் எழுதுவதில்லை. எந்தக் கட்சி தொடங்கியது, எந்தக் கட்சி கூடுதலாகத் தருவதாகச் சொன்னது என்ற வழக்குக்குள் நாம் புகவேண்டியதில்லை. ஆனால் அத்திட்டத்தின் பெயரை ஒரு கணம் கவனியுங்கள். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, முதியவரைப் பேணி, இரவில் எல்லோரும் உண்டபின் மீந்ததை உண்டு படுக்கின்ற பெண்ணின் உழைப்புக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இருந்ததில்லை. அந்த உழைப்பும் உழைப்பே என்று அப்பெயர் ஒப்புக்கொள்கிறது.

ஆயிரம் ரூபாய் எம்மாத்திரம்?

"ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023-24ஆம் ஆண்டில் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 294 ரூபாய். ஆக, ஆயிரம் ரூபாய் என்பது மூன்றரை நாட் கூலிக்கும் குறைவு. திட்டம் தொடங்கிய அந்த மாதத்தில் சென்னையில் ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை ஏறத்தாழ 918 ரூபாய். சிலிண்டர் வாங்கினால் மீதி எண்பத்திரண்டு ரூபாய். இத்தொகையால் எவரும் செல்வராகிவிட முடியாது.

ஆயினும் இத்தொகைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது பெரும்பாலும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதியையொட்டி வந்தது. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வந்தது. தேதியே இல்லாத ஒரு வாழ்வுக்கு ஒரு தேதி கிடைத்தது.

நாம் மனக்கண்முன் நிறுத்திய அந்த வீட்டுக்குத் திரும்புவோம். ஒரு தேதி கிடைத்தவுடன் அங்கே மூன்று மாறுதல்கள் நிகழக் காணலாம்.

முதலாவது, கடையில் அவளுடைய நிலை மாறுகிறது. "பதினைந்தாம் தேதி தந்துவிடுகிறேன்" என்ற சொல்லுக்கு இப்போது மதிப்பு உண்டு. அது வெறும் வாக்குறுதியன்று என்பது கடைக்காரருக்கும் தெரியும். கையில் காசு இருக்கும் நாளில் அவள் அடுத்த கடைக்கும் போகலாம். நல்ல பருப்பாகப் பார்த்தும் வாங்கலாம்.

இரண்டாவது, சிறு தொகைக்காகப் பெரிய வட்டியில் விழும் இடர் குறைகிறது. முந்நூறு ரூபாய் மருந்துக்காகக் கம்மலை அடகு வைக்கவேண்டியதில்லை. தபால் நிலையத்திலோ சுய உதவிக் குழுவிலோ மாதம் இருநூறு ரூபாய் போட்டு வைக்கவும் துணிவு வருகிறது. நாளை வரும் என்ற உறுதி இருப்பவர்தான் இன்று சேமிக்க முடியும்.

மூன்றாவது, வீட்டிலே அவளுடைய சொல்லுக்கு எடை கூடுகிறது. மகள் கல்வி உலாவுக்குப் போக நூறு ரூபாய் கேட்கிறாள். முன்பு "அப்பாவைக் கேள்" என்றாள் தாய். அப்பாவின் கையும் வெறுமையாக இருந்தது. இன்று தாயே முடிவு செய்கிறாள். இதைச் சிறிய செய்தி என்று எண்ணலாகாது. தன் பெயரில் கணக்கு, தன் கையில் காசு, தன் வாயில் முடிவு என்ற நிலையைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் பெண்கள் நம் கிராமங்களில் பலர் உண்டு.

குடித்துவிடுவார்களா?

ஏழைகளுக்குப் பணமாகக் கொடுக்கலாகாது என்பதற்கு நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. "பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவான், அம்மா, அரிசியாகக் கொடுங்கள், துணியாகக் கொடுங்கள்" என்கிறோம். குடியினால் அழிந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். ஆதலால் அந்த அச்சத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. எனினும் அச்சத்தைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை.

2011ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் 'சேவா' என்ற மகளிர் சங்கம், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபின் உதவியோடு ஒரு சோதனையை நடத்தியது. எட்டுக் கிராமங்களில் எல்லாக் குடும்பங்களுக்கும் மாதந்தோறும் நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தார்கள்: பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய், பின்னர் அது 300, 150 என்று உயர்த்தப்பட்டது. பணம் பெறாத பன்னிரண்டு கிராமங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். பணம் பெற்ற ஊர்களில் காய்கறி, பருப்பு, பால் போன்ற சத்துள்ள உணவுக்கான செலவு கூடியது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பெருகினர். ஆடு மாடு வாங்கினார்கள். விதையும் உரமும் வாங்கித் தம் நிலத்திலேயே உழைத்தார்கள். குடி பெருகியதாகத் தெரியவில்லை.

2014ஆம் ஆண்டு உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா என்ற இருவர், பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழைகளுக்குப் பணம் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடிவிடவில்லை என்பதே பொதுவான முடிவாக இருந்தது.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் நடந்த மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சில குடும்பங்களுக்குத் தொகையை ஒரே முறையில் கொடுத்தார்கள். சிலருக்கு மாதந்தோறும் பகுத்துக் கொடுத்தார்கள். மொத்தமாகப் பெற்றவர்கள் நீடித்து நிற்கும் பொருள்களை அதிகம் வாங்கினார்கள். மாதந்தோறும் பெற்றவர்களின் வீடுகளில் பசி தணிந்து உணவு உறுதிப்பட்டது. இரண்டும் நல்லவையே. ஆனால் அடுப்பங்கரையின் கவலையைத் தணிப்பது தவறாத தேதிதான் என்பது அங்கேயும் வெளிப்பட்டது.

குடியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனமே நடத்தி வந்திருக்கிறது. ஒரு கையால் தாய்க்கு ஆயிரம் தந்து, மறு கையால் தந்தையிடமிருந்து அதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்வது எவ்வகை நீதி என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியது கடையை நடத்துபவரிடம். பருப்பு வாங்கப் பணம் கேட்கும் தாயிடமன்று.

பணம் செய்ய முடியாதவை

நன்மையைச் சொன்ன நாம் குறைகளையும் மறைக்கலாகாது.

விண்ணப்பித்தவர்களுள் முதற்கட்டத்தில் ஏற்கப்படாதவர்கள் ஏறத்தாழ 56 லட்சம் பேர். அவர்களுள் தகுதியற்றவர்களும் இருந்திருப்பர். தகுதியிருந்தும் ஒரு தாள் குறைந்ததால் விடுபட்டவர்களும் இருந்திருப்பர். மேல்முறையீடு செய்ய வழி உண்டு என்று அரசு அறிவித்தது. ஆனால் படிப்பறியாத ஒரு பெண், குறுஞ்செய்தியில் வந்த காரணத்தைப் புரிந்துகொண்டு, முப்பது நாள்களுக்குள் இ-சேவை மையத்துக்குச் சென்று முறையிடுவது எளிதா? பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்து தனக்கு வராமற்போனால் அந்த மனம் எவ்வளவு வெதும்பும்? மேலும், திட்டம் தொடங்கிய மாதத்திலேயே, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அபராதத்தைப் பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது. அவ்வாறு பிடிக்கக்கூடாது என்று மாநில நிதியமைச்சர் தலையிடவேண்டியதாயிற்று.

இரண்டாவதாக, பணம் கரையும் பொருள். இருபது கிலோ அரிசி எந்த ஆண்டிலும் இருபது கிலோ அரிசிதான். ஆயிரம் ரூபாய் அப்படியன்று. தமிழகத்தில் முதியோர் உதவித் தொகை 2011ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிறகு 2023இல்தான் அது 1,200 ஆயிற்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மருந்தும் பருப்பும் எவ்வளவு விலை ஏறின! ஆகவே, ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாகப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று சொல்வோரின் பேச்சில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அரிசியும் வேண்டும், பணமும் வேண்டும்.

மூன்றாவதாக, எந்த உதவித் தொகையும் நியாயமான கூலிக்கு ஈடாகாது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய திருமுகத்திலே, சிக்கனமாக வாழும் தொழிலாளி தன்னைப் பேணிக்கொள்ளப் போதுமான கூலி கொடுக்கப்படவேண்டும் என்று வலியுறுத்தினார். தறியில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்று உழைப்பவரின் குடும்பம் அரசின் ஆயிரம் ரூபாயை எதிர்நோக்கியிருக்கிறதென்றால், கூலியிலேயே ஏதோ குறை இருக்கிறது என்பது பொருள்.

நாம் செய்யக்கூடியது

அரசின் திட்டம் அரசோடு போகட்டும். நம் குடும்பங்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு.

நம் பங்குகளில் ஏழைகளை நினைக்கும் காலங்கள் சில உண்டு: கிறிஸ்து பிறப்பு விழா, தவக்காலம், பங்கின் பாதுகாவலர் திருவிழா. அந்நாள்களில் சேலையும் வேட்டியும் அரிசியும் மனமுவந்து கொடுக்கிறோம். நல்லதே. ஆனால் ஏழையின் பசிக்குத் திருவிழா நாள் தெரியாது. டிசம்பரில் நான்கு சேலைகள் பெற்ற தாய் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப்புத்தகத்துக்காக வட்டிக்கு வாங்குகிறாள். 1833ஆம் ஆண்டு பாரீசில் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழைகளின் இல்லங்களுக்கு விடாமல் சென்று அவர்களை அறிந்துகொள்வதையே தம் பணிக்கு அடிப்படையாக வைத்தனர். அந்த விடாமுயற்சியே நமக்கு வேண்டுவது.

ஆதலால் மூன்று செயல்களை உங்கள் குடும்பத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று: நான்கு குடும்பங்கள் சேர்ந்து, தேவையிலிருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு தொகையை, குறித்த தேதியில், மாதந்தோறும் கொடுங்கள். இருநூற்றைம்பது ரூபாய் வீதம் போட்டால் ஆயிரம் ஆகிறது. ஓராண்டுக்கு இது தவறாது என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தொகையைவிட அந்த உறுதியே அவர்களுக்குப் பெரிய கொடை.

இரண்டு: அதை வீட்டுத் தாயின் கையில் கொடுங்கள், கொடுத்தபின் கணக்குக் கேளாதீர்கள். அவள் ஒரு மாதம் பிள்ளைக்கு ரிப்பனும் வளையலும் வாங்கினால் வாங்கட்டும். நம் பிள்ளைகளுக்கு நாம் வாங்குவதில்லையா? ஏழை எப்போதும் அரிசி மட்டுமே வாங்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

மூன்று: இதுவே மிக முக்கியமானது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவருக்கு, நம் நிலத்தில் களை எடுப்பவருக்கு, நம் தறியில் நெய்பவருக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுக்கிறோமா? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாரத்தில்தான் அவளுடைய கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. கூலியாளின் கூலியை விடியும் வரை கூட வைத்திருக்கலாகாது என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டம். அதைக் கேட்டு வளர்ந்த நாம், தேதி தவறாமையையே தருமத்தின் முதற்படியாகக் கொள்ளவேண்டாமா?

இந்த இதழை வாசித்து முடித்ததும் சுவரிலிருக்கும் நாட்காட்டியை எடுங்கள். ஒரு தேதியைச் சுற்றி வட்டமிடுங்கள். யாருக்காக அந்த வட்டம் என்பதை இன்றிரவு உணவு வேளையில் குடும்பத்தோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள்.